மருந்து கொடுப்பதற்கும் ஒத்திகை உண்டு

நான் மருந்தாளர் பயிலுநராக இருந்த காலத்தில், மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இழுப்பு வருத்தமுள்ள ஒரு தாத்தாவுக்கு மருந்து கொடுத்தேன். கெப்சியூலாக வரும் உறிஞ்சு மருந்து அது. கெப்சியூலைக் கையடக்கமான பிளாஸ்டிக் கருவிக்குள் வைத்து, அதை உடைத்து அல்லது துளைத்து, உள்ளிருக்கும் பவுடரை வாயால் வேகமாக இழுக்க வேண்டும். கருவி ஏற்கெனவே தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். கிளினிக் நாள். வரிசை வாசலைத் தாண்டி மழைக்குள் நின்றது.

"எப்படிப் பாவிக்கிறதுன்னு தெரியுந்தானே தாத்தா?"

"தெரியுங்க மிஸ்."

ஒரு மாதம் கழித்து வந்தார். மூச்சு முன்பைவிட மோசம். என்னோடு நின்ற மூத்த மருந்தாளர் அக்கா அவரை உட்கார வைத்து, "எங்க தாத்தா, எடுக்கிற மாதிரி எடுத்துக் காட்டுங்க பாப்போம்" என்றார். தாத்தா ஒரு கெப்சியூலைப் பிரித்தார், நாக்கில் வைத்தார், குடிக்கத் தண்ணி கேட்டார். கருவி எங்கே என்று கேட்டோம். "அது வீட்டுல பத்திரமா வச்சிருக்கேங்க, புள்ளைக எடுத்து வெளையாடாம."

நெஞ்சுக்குப் போக வேண்டிய மருந்து மாதம் முழுக்க வயிற்றுக்குப் போயிருக்கிறது. தாத்தா மேல் ஒரு குற்றமும் இல்லை. கெப்சியூல் என்றால் முழுங்குவது என்றுதான் யாரும் நினைப்பார்கள். "தெரியுந்தானே" என்று கேட்டது நான். அப்படிக் கேட்டால் "தெரியும்" என்ற ஒரு பதிலைத் தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை.

இதில் எனக்கு உறுத்திய விசயம் வேறு. நோயாளியைச் செய்துகாட்டச் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். வரிசை நீண்டு, யாரோ ஒரு குழந்தை அழுது, மருந்து கொடுக்கும் யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் தலையாட்டும்போது படித்தது கைக்கு வரவில்லை. படித்ததற்கும் கைக்கு வருவதற்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்டப் பழக்கும் முறையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயரில் ஒரு சின்னச் சிக்கல்

ஆங்கிலத்தில் சிமியுலேஷன் என்கிற இந்த முறைக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் 'உருவகப்படுத்துதல்' என்று இருக்கும். 'பாவனைப் பயிற்சி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். இலங்கையில் பாவனை என்றால் உபயோகம். 'பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கும் நாட்டில், பாவனைப் பயிற்சி என்றால் மருந்தைப் பாவிக்கப் பழக்குவது என்று நினைத்துவிடுவார்கள். அதனால் நான் ஒத்திகை என்றே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அது எல்லோருக்கும் விளங்கும். தோட்டத்தில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு இன்னும் நன்றாக விளங்கும். ரதி வேசம் கட்டியிருப்பது பக்கத்து லயத்துப் பையன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரதி அழும்போது பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்களும் அழுகிறார்கள். இது வேசம் என்று தெரிந்திருந்தும் மனசு அதற்குள் போய்விடுகிறது. இந்தப் பயிற்சி நம்பியிருப்பதும் மனித மனத்தின் அந்தச் சுபாவத்தைத்தான்.

சுருக்கமாகச் சொன்னால், நிஜ நோயாளி இல்லாத இடத்தில் நிஜ வேலையைச் செய்வது, பிழை விடுவது, பிறகு உட்கார்ந்து அந்தப் பிழையைப் பேசுவது. மூன்றும் சேர்ந்தால்தான் அது பயிற்சி. முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டுக் கலைந்து போனால் அது வெறும் நாடகம்.

எங்கிருந்து வந்தது

விமானத்திலிருந்து வந்தது. 1929இல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், தகப்பனாரின் ஓகன், பியானோ தொழிற்சாலையில் கற்றுக்கொண்ட காற்றுத்துருத்தி வித்தையைக் கொண்டு, தரையில் நின்றபடியே சாய்ந்து ஆடும் ஒரு விமானப் பெட்டியைக் கட்டினார். ஆரம்பத்தில் அதைக் கண்காட்சி விளையாட்டாகத்தான் பார்த்தார்கள். 1934இல் தபால் கொண்டுபோன இராணுவ விமானிகள் மோசமான காலநிலையில் அடுத்தடுத்து விழுந்து இறந்த பிறகே அமெரிக்க இராணுவம் அந்தப் பெட்டிகளை வாங்கியது.

மருத்துவத்துக்குள் அது மெதுவாக வந்தது. 1960இல் நோர்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஓஸ்முண்ட் லேர்டல், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கப் பழகும் 'ரெசுசி ஆன்' பொம்மையைச் செய்தார். 1963இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், சுகமாக இருக்கும் ஒருவரை நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர்கள் முன் உட்கார வைத்தார். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மணி அடித்ததும் மாணவர்கள் அடுத்தடுத்த மேசைக்கு மாறி, ஒவ்வொரு மேசையிலும் ஒரு வேலையைச் செய்துகாட்டும் பரீட்சை முறையை வெளியிட்டார். இன்று மருத்துவம், தாதியியல், மருந்தகவியல் என்று எல்லாப் பக்கமும் அந்தப் பரீட்சை பரவியிருக்கிறது. கனடாவில் மருந்தாளராகப் பதிவதற்கான பரீட்சையிலும் அது ஒரு பகுதி.

மருந்தாளருக்கு எதற்கு இதெல்லாம், குளிசையை எண்ணி உறையில் போடுவதுதானே வேலை என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எண்ணிப் போடுவது வேலையில் ஒரு சிறு பங்குதான். டொக்டர் எழுதித் தரும் மருந்துத் துண்டை வாசித்து, அதில் பிழை இருந்தால் பிடித்து, டொக்டரிடம் அதைச் சொல்லி, நோயாளிக்கு விளங்கும் மொழியில் விளக்கி, விளங்கியதா என்று சோதித்து அனுப்ப வேண்டும். 2017இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தினால் வரும் தவிர்க்கக்கூடிய பாரிய தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று உலக நாடுகளுக்கு ஒரு சவாலை முன்வைத்தது. அந்தத் தீங்கு நடக்கும் இடங்களில் எங்கள் யன்னலும் ஒன்று.

ஒரு பாட்டி, மூன்று இரகசியங்கள்

பொம்மை, கம்பியூட்டர் எல்லாம் பிறகு பார்க்கலாம். மருந்தாளருக்கு அதிகம் பயன்படுவது நடிக்கும் நோயாளி. எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். நான் பயிலுநர்களுக்காக எழுதிய காட்சி இது.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு பாட்டி. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொழுந்துத் தொழிலாளி. கையில் கிளினிக் கொப்பி. ஏற்கெனவே பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் தினமும் குளிசை எடுக்கிறார். இன்று மூட்டுவாதத்துக்கு ஒரு புது மருந்து எழுதியிருக்கிறார்கள்: மெதொட்ரெக்சேட், 10 மில்லிகிராம், கிழமைக்கு ஒரு தடவை. ஒரு குளிசை 2.5 மில்லிகிராம் என்றால், ஒரே நாளில் நாலு குளிசை, பிறகு ஆறு நாளைக்கு ஒன்றும் இல்லை.

இந்த மருந்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், இதைத் தினமும் எடுத்தால் எலும்பு மச்சை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். வாய் புண்ணாகும், காய்ச்சல் வரும், கிருமி தொற்றி ஆளே போய்விடலாம். பல நாடுகளில் இப்படி மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. மற்ற எல்லாக் குளிசையும் தினமும் எடுப்பவருக்கு இது மட்டும் ஏன் வேறு என்று தோன்றவே தோன்றாது.

பாட்டியாக நடிப்பவருக்கு ஒரு தாள் கொடுக்கிறோம். அதில் மூன்று இரகசியங்கள் இருக்கும். முதலாவது, அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் அதை ஒருபோதும் வாயால் சொல்லக்கூடாது. உறையை நீட்டி வாசிக்கச் சொன்னால், "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் மவ" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது, போன கிழமை சலக்கடுப்புக்கு டவுனில் ஒரு தனியார் டொக்டரிடம் போய் கோ-ட்ரைமொக்சசோல் வாங்கியிருக்கிறார், இன்னும் மூன்று நாளைக்கு மிச்சம் இருக்கிறது. மெதொட்ரெக்சேட்டோடு அது சேர்ந்தால் நான் மேலே சொன்ன அதே ஆபத்து பல மடங்காகும். "வேற எங்கயாவது மருந்து எடுத்தீங்களா" என்று நேராகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். "வேற வருத்தம் இருக்கா" என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சலக்கடுப்பு வருத்தமே இல்லை, சூடு. மூன்றாவது, பஸ். பின்னேர பஸ்ஸை விட்டால் மலையேறி நடக்க வேண்டும். அதனால் எதைச் சொன்னாலும் "ஆமா ஆமா" என்று தலையாட்டி அவசரப்படுவார்.

பயிலுநருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் துண்டும், பெட்டிகள் அடுக்கிய இறாக்கையும், உறைகளும், ஒரு போனும் மட்டும். பத்து நிமிடம்.

ஒரு முறை நடந்ததைச் சொல்கிறேன். துண்டை வாசித்த தங்கச்சி சரியான பெட்டியை எடுத்தார். நல்லது. காலை, பகல், இரவு என்று கட்டம் அச்சடித்த உறையை எடுத்தார். அந்த உறையில் கிழமைக்கு ஒன்று எழுத இடமே இல்லை. காலைக் கட்டத்தில் 4 என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக 'கிழமைக்கு ஒருமுறை' என்று எழுதினார். பாட்டியிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றார் பாட்டி. தங்கச்சி உறையை மடித்துக் கொடுத்து, "இது கிழமைக்கு ஒரு நாளுதான் பாட்டி, வெளங்குச்சா?" என்றார். பாட்டி "ஆமா மவ" என்று எழும்பினார். ஆறு நிமிடம். தங்கச்சி முகத்தில் சந்தோசம். வேகமாக முடித்துவிட்டாராம்.

நான் நடிகையைப் பார்த்துத் தலையாட்டினேன். அது முன்பே பேசி வைத்த அடையாளம். போகிற போக்கில் பாட்டி திரும்பி, "அப்ப நாளைக்குக் காலையில நாலு, அடுத்த நாளு காலையில நாலு, அப்படித்தானே?" என்றார்.

அந்த அறையில் அப்போது விழுந்த அமைதியை எந்த விரிவுரையிலும் நான் பார்த்ததில்லை.

பேச்சுதான் பாடம்

காட்சி முடிந்ததும் நடக்கும் உரையாடலுக்குக் காட்சியைவிட அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பத்து நிமிடக் காட்சிக்கு நான் இருபது நிமிடமாவது வைப்பேன். நேரம் குறைவென்றால் காட்சியைச் சுருக்குவேனே தவிர பேச்சில் கை வைக்க மாட்டேன். பயிற்சி நடத்துகிறோம் என்று சொல்லும் பலர் பிழை விடுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். நடிப்பு முடிந்ததும் "நீ இதை விட்டுட்டாய், அதை விட்டுட்டாய்" என்று பட்டியல் வாசித்து அனுப்பிவிடுகிறார்கள். கேட்டவருக்கு அவமானம் மட்டும் ஞாபகம் இருக்கும்.

பேச்சுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் மனசை இறக்கி வைக்க விட வேண்டும். "எப்படி இருந்திச்சு?" என்ற ஒரு கேள்வி போதும். அழுகிறவர்கள் உண்டு, சிரித்துச் சமாளிக்கிறவர்கள் உண்டு. இரண்டாவது, என்ன நடந்தது என்று எல்லோரும் ஒரே கதைக்கு வருவது. பயிலுநர் பார்த்தது ஒன்று, நடிகை பார்த்தது ஒன்று, மூலையில் உட்கார்ந்திருந்த மற்றப் பயிலுநர்கள் பார்த்தது இன்னொன்று. அதற்குப் பிறகுதான் ஏன். கடைசியாக, நாளைக்கு யன்னலில் நிற்கும்போது எதை மாற்றிச் செய்யப் போகிறோம்.

'ஏன்' என்பதை எப்படிக் கேட்பது என்பதில்தான் நடத்துநரின் கெட்டித்தனம். "ஏன் திருப்பிச் சொல்லச் சொல்லிப் பார்க்கல?" என்று கேட்டால் அது விசாரணை. நான் கண்டதை முதலில் சொல்லிவிட்டு, அவர் மனதில் ஓடியதை உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்க வேண்டும். அன்றைக்கு நான் இப்படிக் கேட்டேன்: "தங்கச்சி, பாட்டி கண்ணாடி இல்லன்னு சொன்னப்ப நீங்க ஒரு நொடி நின்னீங்க. பெறகு உறைய மடிச்சுக் குடுத்திட்டீங்க. அந்த ஒரு நொடியில என்ன நெனச்சீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க அம்மாயியும் அப்படித்தான் சொல்லும் அக்கா. அதுக்கு எழுத்துத் தெரியாது. இவங்களுக்கும் தெரியாதுன்னு எனக்கு விளங்கிருச்சு. ஆனா கேட்டா கொறச்சலா நெனச்சுக்குவாங்களேன்னு கேக்கல."

பாருங்கள், அவருக்கு அறிவுக் குறைவு இல்லை. அக்கறைக் குறைவும் இல்லை. மரியாதைதான் பிழைக்குக் காரணம். மரியாதை கெடாமல் கேட்பது எப்படி என்று அடுத்த பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து தேடினோம். உறையில் எழுத்துக்குப் பதில் படம் வரையலாம் என்றார் ஒருவர். "நான் சரியா சொன்னேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு பாட்டி, வீட்டுக்குப் போய் மருமகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்கலாம் என்றார் இன்னொருவர். சந்தேகத்தைத் தன் மேல் போட்டுக்கொள்ளும் இந்த வித்தைக்கு உலகம் முழுக்க மருத்துவக் கல்வியில் பெயரும் உண்டு, இடமும் உண்டு. அந்தப் பையன் அதைப் படித்திருக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தான். நாள் குறிப்பதைப் பற்றியும் பேசினோம். கிழமைக்கு ஒருமுறை என்று விட்டால் அது காற்றில் போய்விடும். எந்த நாள் என்று நோயாளியோடு பேசி முடிவுசெய்து, அந்த நாளின் பெயரை முழுசாக எழுத வேண்டும் என்று 2020இல் பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனமும் இதே மருந்துக்காக அறிவுறுத்தியது. எங்கள் பாட்டிக்கு வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போகும் நாள், மறக்காது.

தங்கச்சி அதே காட்சியைத் திரும்பவும் செய்தார். இரண்டாம் முறை செய்யாமல் வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது என் பிடிவாதம். தோற்ற நினைவோடு படுக்கப் போனால் அடுத்த நாள் யன்னலுக்கு வரவே கால் கூசும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே சில வாக்குகள் கொடுக்க வேண்டும். இங்கே மார்க் இல்லை. இந்த அறையில் நடந்தது அறைக்கு வெளியே போகாது. பிழை விடுவது எதிர்பார்க்கப்பட்டதுதான். பரீட்சை வைக்கிற நாள் வேறு, பழகுகிற நாள் வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் பயிலுநர் பிழையை மறைக்கத்தான் பழகுவார்.

போன் எடுப்பதற்கும் ஒத்திகை

மேலே சொன்ன காட்சியில் கோ-ட்ரைமொக்சசோல் வெளியே வந்தால் அடுத்த வேலை டொக்டருக்குப் போன் எடுப்பது. நம் நாட்டில் இது மெதொட்ரெக்சேட்டைவிடப் பெரிய பயம். போனைக் கையில் வைத்துக்கொண்டு "மன்னிக்கணும் டொக்டர், பிஸியா டொக்டர்" என்றே ஒரு நிமிடத்தைக் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் அடுத்த அறையில் உட்கார்ந்து கொஞ்சம் எரிந்து விழும் டொக்டராக நடிப்பேன். (ரசித்துத்தான் நடிப்பேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.)

இதற்கு ஒரு சட்டகம் பழக்குகிறோம். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் தகவல் சொல்லப் பாவித்த ஒழுங்கிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது அது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, உங்களிடம் நான் கேட்பது. "டொக்டர், உங்கட மூட்டுவாதக் கிளினிக் நோயாளிக்கு இன்னைக்கு மெதொட்ரெக்சேட் தொடங்கியிருக்கீங்க. அவங்க வெளியில வாங்கின கோ-ட்ரைமொக்சசோல் இன்னும் எடுக்கிறாங்க. ரெண்டும் சேர்ந்தா மச்சையைப் பாதிக்கும்னு பயப்படுறேன். மெதொட்ரெக்சேட்டை இப்ப நிப்பாட்டி வச்சிட்டு, இவங்களத் திரும்ப உங்ககிட்ட அனுப்பட்டுமா?" அவ்வளவுதான், இருபது விநாடி. மன்னிப்பு ஒன்றும் தேவையில்லை.

வேறு வகைகள், சுருக்கமாக

கம்பியூட்டரில் நடக்கும் ஒத்திகையும் உண்டு. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் உருவாக்கிய 'மைடிஸ்பென்ஸ்' என்ற மென்பொருளில் ஒரு முழு பாமசியே திரையில் இருக்கும். நோயாளி வருவார், துண்டு தருவார், இறாக்கையிலிருந்து பெட்டியை எடுத்து லேபல் ஒட்டிக் கொடுக்க வேண்டும். கார்பமாசெபினுக்குப் பதில் கார்பிமாசோலை எடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. வலிப்புக்கும் தைரொயிட்டுக்கும் உள்ள அந்த இரண்டு பெயர்களையும் நூறு தடவை குழப்பித் தெளியலாம். குறை என்னவென்றால், திரைப் பாட்டி "சூடு" என்று சொல்ல மாட்டார்.

கைவேலைக்கான ஒத்திகைகள் வேறு. ஊசி மருந்து கலக்கும் பயிற்சியில், மருந்துக்குப் பதில் கிருமி வளர்வதற்கான ஊட்டத் திரவத்தைக் கொடுத்து, மருந்து கலக்குவது போலவே கலக்கச் சொல்வார்கள். 14 நாள் சூட்டில் வைத்துப் பார்த்தால், கை சுத்தமாக இருந்தவருடையது தெளிவாக இருக்கும், மற்றவருடையது கலங்கிவிடும். கையில் ஒளிரும் சாயம் பூசி, கழுவச் சொல்லி, புற ஊதா விளக்கின் கீழ் காட்டுவதும் உண்டு. நகக்கண் பளிச்சென்று மின்னும்போது யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பாணி மருந்துக்கு ஒரு கரண்டி போதும். 12 கிலோ பிள்ளைக்கு பரசிட்டமோல், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எடுத்தால் 180 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் அது 7.5 மில்லிலீட்டர். கணக்கை எல்லோரும் சரியாகப் போடுவார்கள். அம்மாவாக நடிப்பவரை வீட்டிலிருந்து கரண்டி கொண்டுவரச் சொல்லி, அதில் தண்ணீர் ஊற்றி ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஒவ்வோர் அளவு காட்டும்.

காசு இல்லாத இடத்தில்

இலங்கையில் மருந்தகவியல் பட்டம் தரும் இடங்களில் மலையகத்துக்குக் கிட்ட இருப்பது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணை சுகாதார விஞ்ஞான பீடம். ஆனால் மருந்தாளராக வருகிறவர்கள் எல்லோரும் பல்கலைக்கழகம் வழியாக வருவதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பாமசிகளில் மூத்தவரின் கீழ் நின்று பழகி வருகிறவர்களும் இருக்கிறார்கள். பேசும் பொம்மை, கண்ணாடிச் சுவர் போட்ட ஆய்வுகூடம் என்று கேட்டவுடன் இது நமக்கில்லை என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் காபா, மயக்க மருந்துத் துறையில் இந்தப் பயிற்சியை வளர்த்த முன்னோடி. பொம்மைகளோடு வாழ்ந்த அவரே இது ஒரு கருவி இல்லை, ஓர் உத்தி என்றுதான் வாதிட்டார். பாமசியின் பின்னறை, ஒரு மேசை, வெற்றுப் பெட்டிகள், மூன்று பேர் இருந்தால் தொடங்கலாம்.

மலையகத்தில் ஒத்திகைக்குக் காட்சி தேடி அலையத் தேவையில்லை. துண்டு ஆங்கிலத்தில், உறை சில வேளை சிங்களத்தில், நோயாளி தமிழில். சிங்களம் மட்டும் பேசும் மருந்தாளரும் தமிழ் மட்டும் பேசும் அம்மாவும் சந்திக்கும் காட்சியை இருபக்கப் பயிலுநர்களையும் வைத்து நடத்தலாம். 'சாப்பாட்டுக்கு முன்', 'உடைக்காம முழுங்குங்க' என்று பத்துப் பதினைந்து வசனம் கைக்கு வந்தால் போதும், பெரும்பாலான நாள் ஓடிவிடும். இன்னொன்று, 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது ஒரே மருந்து மாதத்துக்கு ஒரு நிறத்தில் வந்தது. வெள்ளைக் குளிசை மஞ்சளானதும் அதைப் புது மருந்து என்று எண்ணி, பழையதையும் புதியதையும் சேர்த்து எடுக்கிறவர் வருவார். நல்ல காட்சி அது, சலிக்காமல் எழுதலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். ஒன்று, பயிற்சிப் பொருள் நிஜப் பொருளோடு கலக்கக்கூடாது. 2014இல் அமெரிக்காவில் பயிற்சிக்காகச் செய்த, கிருமி நீக்காத சேலைன் பைகள் கிளினிக்குகளுக்குப் போய் உண்மையான நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டு, பலர் காய்ச்சல் நடுக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலாவதியான பெட்டியில் பழகுகிறீர்கள் என்றால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, 'பயிற்சிக்கு மட்டும்' என்று சிவப்பில் பெரிதாக எழுதி, வேறு அலுமாரியில் பூட்டுங்கள்.

இரண்டாவது எனக்குக் கோபம் வரும் விசயம். தோட்டத்துப் பாட்டியாக நடிக்கச் சொன்னால் சிலர் தோட்டத்துப் பேச்சைக் கேலிப் பேச்சாக்கிவிடுகிறார்கள். முக்காடு போட்டு, குரலை இழுத்து, பார்ப்பவர்களைச் சிரிக்க வைக்கிறார்கள். அதைப் பார்த்துப் பழகிய பயிலுநர் நாளைக்கு நிஜப் பாட்டியையும் அப்படித்தான் பார்ப்பார். எழுத்துத் தெரியாத அந்தப் பாட்டிக்கு ஒரு நாளில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் பேர், அதாவது முழு நாள் கூலி, கிடைக்கும் என்று மனக்கணக்கில் தெரியும். நடிப்பதற்குத் தோட்டத்திலிருந்தே ஒருவரைக் கூப்பிடுங்கள். அவருக்கு அதற்கான கூலியையும் கொடுங்கள். நடித்து முடித்ததும், "இப்ப நீங்க பாட்டி இல்ல" என்று பெயர் சொல்லி அழைத்து, பிளேன்டி ஒன்று கொடுத்து, அவருக்கு எப்படி இருந்தது என்றும் கேளுங்கள். இரண்டாம் முறை எங்கள் தங்கச்சி தன்னை எழும்ப விடாமல் பார்த்துக்கொண்ட விதத்தை எங்கள் நடிகைதான் முதலில் சொன்னார். எனக்கு அது கண்ணில் படவேயில்லை.

ஒத்திகையால் முடியாததும் உண்டு. இருநூறு பேர் வரிசையில் நிற்கும் அழுத்தத்தை அறைக்குள் கொண்டுவர முடியாது. இது ஒத்திகை என்று தெரிந்திருப்பதாலேயே பயிலுநர் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருப்பார். ஆஸ்பத்திரியில் நின்று பழகும் மாதங்களுக்கு இது ஈடாகாது. அந்த மாதங்களுக்குள் நுழையும் முன் கையைப் பழக்கிக்கொள்ள உதவும்.

இப்போது எங்கள் இடத்துக்கு வரும் ஒவ்வொரு புதுப் பயிலுநருக்கும் முதல் நாள் முதல் காட்சி ஒன்றுதான். காவல்கார ஐயா தாத்தாவாக வந்து உட்காருவார். உறிஞ்சு மருந்து வாங்க வந்திருக்கிறார், கருவி வீட்டில் இருக்கிறதாம். அவருக்கு உள்ளே எதுவும் போடாத வெறும் கெப்சியூல்தான் கொடுக்கிறோம். அவர் தாளில் இரண்டே வரி. தெரியுமா என்று கேட்டால், "தெரியுங்க" என்று தலையாட்டிவிட்டு எழும்பிப் போக வேண்டும். செய்துகாட்டச் சொன்னால், கெப்சியூலை நாக்கில் வைத்துக்கொண்டு தண்ணி கேட்க வேண்டும்.